"ஐ.நா. தடை" என்று நாம் சொல்லும் கொழும்பின் பட்டியல்

செய்தி சேகரிக்க வன்னிக்குப் போகும்போது, வெளிநாட்டில் இருக்கும் உறவினரின் பெயர் தடைப்பட்டியலில் இருப்பதாகச் சொல்பவர்களைச் சந்திக்கிறேன். அவர்களில் பலர் அதை "ஐ.நா. போட்ட தடை" என்றே சொல்கிறார்கள். வர்த்தமானியில் ஐக்கிய நாடுகள் சட்டம் என்று இருப்பதால் அப்படி நினைப்பது இயல்பு. ஆனால் அந்தப் பெயர்களைத் தெரிவு செய்தது நியூயோர்க் அல்ல, கொழும்பு.

அல்-கைதா, தலிபான் தொடர்பானவர்களின் பெயர்களை 1267ஆம் இலக்கத் தீர்மானத்தின் கீழ் பாதுகாப்புச் சபையின் குழுவே தீர்மானித்தது. 2001 செப்டெம்பரில் வந்த 1373ஆம் இலக்கத் தீர்மானம் வேறு வகை. பயங்கரவாதத்துடன் தொடர்புடையோரின் நிதியை முடக்குமாறு எல்லா நாடுகளுக்கும் கட்டளையிட்ட அது, ஒரு பெயரையும் தரவில்லை. பயங்கரவாதம் எது என்ற வரைவிலக்கணமும் அதில் இல்லை. அந்த இடைவெளியை ஒவ்வோர் அரசும் தனக்கு ஏற்றபடி நிரப்பிக்கொண்டது.

இலங்கையில் 1968ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க ஐக்கிய நாடுகள் சட்டத்தின் கீழ் 2012இல் இதற்கான ஒழுங்குவிதிகள் ஆக்கப்பட்டன. ஒழுங்குவிதிகளை ஆக்குபவர் வெளிவிவகார அமைச்சர். தகுதிவாய்ந்த அதிகாரியாக இருப்பவரோ பாதுகாப்பு அமைச்சின் செயலாளர். எனக்கு உறுத்துவது இந்த இடம்தான். பெயரைச் சேர்க்க நீதிமன்றத் தீர்ப்பு தேவையில்லை, நியாயமான காரணம் உண்டு என்ற நம்பிக்கை போதும். பெயர் வர்த்தமானியில் வந்ததும் மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவு வங்கிகளுக்கு அறிவிக்கும், வங்கிகள் கணக்குகளை முடக்கும். பட்டியலில் உள்ளவருக்குப் பணம் கொடுப்பது குற்றம். ஊரில் இருக்கும் குடும்பங்கள் காசு விடயத்தில் பயந்து நடப்பது இதனால்தான்.

2014 மார்ச்சில் 16 அமைப்புகளும் 424 தனிநபர்களும் பட்டியலிடப்பட்டனர். அதே மாதம்தான் போர்க்கால மீறல்கள் பற்றிய சர்வதேச விசாரணைக்கு ஜெனீவாவில் தீர்மானம் நிறைவேறியது. ஆட்சி மாறிய 2015இல் 8 அமைப்புகளும் 269 பேரும் நீக்கப்பட்டனர். கோட்டாபய ராஜபக்ஷ ஜனாதிபதியாக இருந்த 2021இல் 7 அமைப்புகள் சேர்க்கப்பட்டன. பொருளாதாரம் விழுந்து, ரணில் விக்கிரமசிங்க ஜனாதிபதியான பிறகு, 2022 ஓகஸ்டில் 6 அமைப்புகளும் 316 பேரும் நீக்கப்பட்டனர். உலகத் தமிழர் பேரவை இந்த நான்கு முறையும் உள்ளே போய் வெளியே வந்தது.

2025 மார்ச்சில் பிரித்தானியா முன்னாள் படைத் தளபதிகள் மூவருக்கும் கருணாவுக்கும் விதித்த தடையும் ஐ.நா. தடை அல்ல. அது பிரித்தானியாவின் சொந்தச் சட்டம். அவர்கள் அங்கே போக முடியாது, அங்குள்ள சொத்து முடங்கும். கொழும்பிலுள்ள அவர்களின் வங்கிக் கணக்கை அந்தச் சட்டம் தொடாது.

இலங்கைப் பட்டியலிலிருந்து பெயரை நீக்கக் கோரும் மனுவும் அதே பாதுகாப்புச் செயலாளரிடம்தான் போகிறது. 2014 பட்டியலின் பிரதி இன்னும் கைமாறித் திரிகிறது. பெயர் தேடுபவர்கள் அதை விட்டுவிட்டு, பின்னர் வந்த திருத்த வர்த்தமானிகளில் அடையாள அட்டை இலக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு எழுதப்படும் நம்முடைய பெயர்களில், ஒரே பெயர் பலருக்கு இருக்கும்.