தீக்கொண்டை அலேத்தே

தீக்கொண்டை அலேத்தே என்பது நைஜீரியாவிலிருந்து கேமரூன், காபோன், காங்கோ வடிநிலம் வழியாக உகாண்டாவின் மேற்குப் பகுதி வரை பரந்துள்ள தாழ்நில மழைக்காடுகளில், தரையை ஒட்டிய கீழடுக்கில் மறைந்து வாழும் பாடும் பறவை ஆகும். அமெரிக்கப் பறவையியலாளர் ஜான் கேசின் 1856இல் இதை விவரித்தார். கினி முதல் டோகோ வரையுள்ள காடுகளில் வாழும் வெண்வால் அலேத்தே இதன் மிக நெருங்கிய உறவினம். இவ்விரண்டையும் ஒரே இனமாகக் கொள்வோரும் உண்டு.

முதுகு செம்பழுப்பாகவும், அடிப்பகுதி வெண்மையாகவும், முகத்தின் பக்கங்கள் சாம்பல் நிறமாகவும், வால் கருமையாகவும் இருக்கும். ஆணும் பெண்ணும் தோற்றத்தில் ஒத்தவை. உச்சந்தலையின் நடுவில் ஓடும் செம்மஞ்சள் பட்டை சாதாரண நேரத்தில் படிந்து கிடப்பதால் கண்ணில் படாது. பறவை கிளர்ச்சியுறும்போது அந்த இறகுகள் குத்திட்டு நின்று, காட்டின் அரையிருளிலும் தணல் போல் தெரியும். இதன் பாட்டு மெல்ல இழையும் ஏக்கமான சீழ்க்கை. ஆய்வாளர்கள் மரங்களிடையே கட்டும் மெல்லிய வலைகளில் அடிக்கடி சிக்கும் இப்பறவை நேரில் அரிதாகவே தென்படுவதிலிருந்து, அதன் ஒளிந்து வாழும் திறனை உணரலாம்.

இதன் வாழ்க்கையில் மிகவும் கருதத்தக்கது படையெறும்புகளுடன் உள்ள உறவு. டோரிலஸ் பேரினத்தைச் சேர்ந்த இவ்வெறும்புகளின் வேலைக்காரிகளுக்குக் கண்கள் இல்லை. ஆயினும் பெருந்திரளாக விசிறிபோல் விரிந்து சருகுகளுக்கிடையே முன்னேறும்போது, வெட்டுக்கிளி, கரப்பான், சிலந்தி முதலியவை உயிர்தப்பத் தாவி வெளிப்படுகின்றன. படைக்குச் சற்று முன்னால், செங்குத்தான இளங்கன்று ஒன்றின் தண்டைப் பக்கவாட்டில் பற்றியபடி காத்திருக்கும் அலேத்தே, ஓடும் பூச்சியைக் கண்டதும் தரையில் இறங்கிக் கவ்விக்கொண்டு, எறும்புகள் காலில் ஏறுவதற்குள் மீண்டும் தண்டுக்குத் திரும்பிவிடும். ஆகவே, அதற்குப் பெரும்பாலும் இரையாவது எறும்பல்ல, எறும்புக்கு அஞ்சி ஓடும் உயிர்களே. சின்னான் குடும்பத்தைச் சேர்ந்த பிளேடா பேரினப் பறவைகளும் இவ்வாறு படையைப் பின்தொடர்வதுண்டு.

முன்பு பூங்குயில் குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்த இப்பறவை இப்போது ஈப்பிடிப்பான் குடும்பத்தில் சேர்க்கப்பட்டுள்ளது. மரபணு ஆய்வுகள் மேலும் வியப்பான உண்மையைக் காட்டின: அலேத்தே என்றே அழைக்கப்பட்டு வந்த பழுப்புமார்பு அலேத்தே முதலிய சில பறவைகள் இதிலிருந்து விலகிய வேறொரு கிளையைச் சேர்ந்தவையாக இருக்க, தமிழ்நாட்டுத் தோட்டங்களில் பாடும் குண்டுக்கரிச்சானோ இதற்கு நெருங்கிய உறவாக அமைந்தது.

பரவல் விரிந்ததாக இருப்பதால், அழியும் அபாயத்திலுள்ள இனங்களில் இது எண்ணப்படவில்லை. எனினும் படையெறும்புக் கூட்டத்தின் இராணிக்குச் சிறகில்லை. கூட்டம் இரண்டாகப் பிரிந்து, நடந்தே புதிய இடம் சேர வேண்டும். எனவே காடு துண்டாடப்பட்டு எறும்புகள் மறையும் இடத்தில், மரங்கள் நின்றிருந்தாலும் இப்பறவையின் வாழ்வு நலிவடைவதற்கு இடமுண்டு.