கணினிவழிப் பரப்பு வடிவமைப்பு

ஒரு பொருளின் மேற்பரப்பிலோ, இரு பொருள்கள் சேரும் இடைமுகத்திலோ அணுக்கள் எப்படி அமையும், எந்த மூலக்கூறைப் பற்றும், எதை விடும் என்று கணினியில் முன்கூட்டியே கணித்து, வேண்டிய வேலையைச் செய்யும் பரப்பைத் தேர்ந்தெடுக்கும் முறை இது. மின்கலம், குறைகடத்தி ஆகிய துறைகளிலும் பயன்பட்டாலும், இதன் வரலாறு வினையூக்கிகளில்தான் மிகத் தெளிவாகத் தெரிகிறது.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அம்மோனியா தயாரிப்புக்கு ஏற்ற வினையூக்கியைத் தேடிய ஆல்வின் மிட்டாஷ், ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தில் ஆயிரக்கணக்கான கலவைகளைச் சோதித்தார். வேறு வழி அன்று இல்லை; பரப்பின் இயல்பை முன்கூட்டியே கணிப்பது கடினம். பொருளின் உள்ளே இருக்கும் அணுவைச் சுற்றி எல்லாப் பக்கமும் அண்டை அணுக்கள் உண்டு. பரப்பில் இருப்பதற்கோ ஒரு பக்கம் வெறுமை. பிணைப்பு அறுந்த அணுக்கள் இடம் மாறிப் புதிய ஒழுங்கில் அமைந்துகொள்ளும். அந்த ஒழுங்கை ஊகிப்பதே பெரும்பாடு.

1964-இல் பியர் ஹோஹன்பெர்க்கும் வால்டர் கோனும், மறு ஆண்டில் கோனும் லு ஜியூ ஷாமும் வகுத்த அடர்த்திச் சார்பியக் கோட்பாடு வழி திறந்தது. எலக்ட்ரான்களைத் தனித்தனியே பின்தொடராமல் அவற்றின் அடர்த்தியை மட்டும் கொண்டு ஆற்றலைக் கணிக்கலாம் என்றது அது. இதற்காகக் கோன் 1998-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆனாலும் கணினிகள் வளரக் காத்திருக்க வேண்டியிருந்தது. சிலிக்கான் பரப்பில் 7×7 என வழங்கும் சிக்கலான அணு ஒழுங்கை இரு குழுக்கள் முழுமையாகக் கணித்தது 1992-இல்தான்.

1995-இல் பியோர்க் ஹாமரும் யென்ஸ் நோர்ஸ்கோவும் தங்கம் ஏன் எதனுடனும் எளிதில் வினைபுரிவதில்லை என்பதை எலக்ட்ரான் ஆற்றல்நிலைகளைக் கொண்டு விளக்கினர். அடுத்த படி இன்னும் அழகானது. மீத்தேன் போன்ற ஹைட்ரோகார்பன்களையும் நீராவியையும் ஹைட்ரஜனாக்கும் நிக்கலில் கரி படிந்து, அதன் திறன் குன்றிவிடும். தங்கமும் நிக்கலும் கட்டிப் பொருளாகக் கலப்பதில்லை. ஆனால் நிக்கலின் மேற்பரப்பு அடுக்கில் மட்டும் தங்க அணுக்கள் இடம்பிடிக்கும். அப்படி அமர்ந்த தங்கம் கார்பன் அங்கே நிலைகொள்வதைத் தடுக்கும் என்று கணக்கீடு காட்டியது. டென்மார்க் ஆய்வாளர்கள் அந்த வினையூக்கியைச் செய்து, பியூட்டேனைக் கொண்டு சோதித்தார்கள். வெறும் நிக்கல் கரி படிந்து சோர்ந்தபோது இது தாக்குப்பிடித்தது. 1998-இல் வெளியான இந்த முடிவையே துறையின் உண்மையான பிறப்பு என்று சொல்லத் தோன்றுகிறது. பிறர் கண்டதை விளக்குவதோடு நின்றிருந்த கணக்கீடு, இங்கே செய்ய வேண்டியதைச் சொன்னது.

கணக்கீடு தவறுவதும் உண்டு. பிளாட்டினத்தின் மீது கார்பன் மோனாக்சைடு ஓர் அணுவின் உச்சியில் அமர்கிறது என்பது சோதனை கண்ட உண்மை. அடர்த்திச் சார்பியக் கோட்பாட்டில் பரவலாகப் பயன்பட்ட தோராயங்களோ அது அணுக்களுக்கு இடைப்பட்ட பள்ளத்தில் அமரும் என்றன. 2001-இல் ஆய்வாளர்கள் இதைப் புதிராகவே முன்வைத்தனர். தோராயங்களைச் செம்மையாக்கும் பணியை அது முடுக்கிவிட்டது.

2005-இல், மாலிப்டினம் டைசல்ஃபைடு தகட்டின் விளிம்பு, மின்பகுப்பில் ஹைட்ரஜனை வெளியிடுவதில் சிறந்த வினையூக்கியான பிளாட்டினத்தின் அளவுக்கே ஏறக்குறைய ஹைட்ரஜனைப் பற்றும் என்று நோர்ஸ்கோவின் குழு கணித்தது. இரண்டு ஆண்டுகளில் சோதனை அதை உறுதிசெய்தது: ஹைட்ரஜன் வெளிவரும் வேகம், தகட்டின் பரப்பளவைப் பொறுத்திருக்கவில்லை, விளிம்பின் நீளத்தைப் பொறுத்திருந்தது.