வேனிற் பள்ளியும் கூதிர்ப் பள்ளியும்: பண்டைத் தமிழர் மனையில் வாடைக்கால ஏற்பாடுகள்

தமிழ்நாட்டில் மனையைக் குளிருக்கென ஆயத்தப்படுத்தும் வழக்கம் இருந்ததா என்னும் வினா முதற்பார்வையில் பொருளற்றதாகத் தோன்றலாம். பனிமழை காணாத சமவெளி நிலம் இது. எனினும் தொல்காப்பியம் ஆண்டின் பெரும்பொழுதுகளுள் கூதிரைத் தனியே நிறுத்துகிறது. ஐப்பசியும் கார்த்திகையும் அதற்குரிய திங்கள்கள் என உரையாசிரியர்கள் கொண்டனர். வடகிழக்குப் பருவமழையும் வாடைக்காற்றும் ஒருங்கே வரும் காலம் அது. அக்காலத்தில் வீட்டினுள் என்னென்ன மாறின என்பதற்கு நெடுநல்வாடை அளவுக்கு விரிவான சான்று சங்கப் பாடல்களுள் வேறில்லை.

நக்கீரர் இயற்றிய இந்த 188 அடிப் பாடல் 1889இல் உ.வே. சாமிநாதையரின் பத்துப்பாட்டுப் பதிப்பின்வழி அச்சேறியது. அகமா, புறமா என்னும் வழக்கே அதன்பின் இப்பாடலைப் பற்றிய ஆய்வுகளில் பெரிதும் இடம்பிடித்தது. வேலில் கட்டிய வேம்பு பாண்டியனைச் சுட்டிவிடுகிறது என்பதே அவ்வழக்கின் மையம். மனைப்பகுதி பெரும்பாலும் பின்னணி வருணனையாகவே கடந்து செல்லப்பட்டது. அப்பகுதியைப் பொருள்சார் பண்பாட்டுச் சான்றாகப் படிக்கும்போது வேறொரு செய்தி புலப்படுகிறது.

அம்மனையில் குளிருக்கெனப் புதிதாகக் கட்டப்படுவது எதுவுமில்லை. ஏற்பாடுகளுள் பெரும்பாலானவை நீக்கங்களே. கைத்தொழில் வல்லவன் செய்த செந்நிற விசிறி சுருக்கப்பட்டு வளைந்த முளையில் தொங்குகிறது; அதன்மேல் சிலந்தி நூல் இழைத்துவிட்டது. வடநாட்டிலிருந்து வந்த வட்டமான சந்தனக்கல் தென்னாட்டுச் சந்தனத்தோடு பயனின்றிக் கிடக்கிறது. குறுகிய வாயுடைய கன்னலில் உள்ள தண்ணீரை எவரும் பருகுவதில்லை. வானளாவிய மேனிலையில் தென்றலை வாங்குதற்கென அமைந்த வேனிற் பள்ளியின் சாளரத்தருகே எவரும் உலவுவதில்லை; இரட்டைக் கதவுகள் பொருத்தித் தாழிடப்பட்டுள்ளன. இவற்றுக்கு ஈடாக வந்து சேர்பவை சிலவே: அகன்ற வாயுடைய தடவில் இட்ட நெருப்பு, தகர விறகின் தணலில் அகிலும் வெள்ளயிரும் இட்ட நறும்புகை, மாலையில் ஏற்றும் இரும்பு விளக்கு. அவ்விளக்கை ஏற்றும் நேரத்தையும் கதிரவனைக் கொண்டு அறிய இயலவில்லை. தட்டில் இட்டுவைத்த பிச்சி அரும்பு மலர்வதைக் கொண்டே பெண்கள் பொழுதை உணர்கின்றனர். சிலந்தி நூலைப் பாடலில் நுழைத்தவர் பூட்டிய வீட்டை நன்கு அறிந்தவராகவே இருத்தல் வேண்டும். விசிறி நாள்கணக்கில் தொடப்படவில்லை என்பதை அந்த ஒரு விவரமே சொல்லிவிடுகிறது.

இந்நீக்கங்களுக்குக் காரணம் வீட்டின் இயல்பிலேயே உள்ளது. மதுரைக்காஞ்சி காட்டும் மதுரை இல்லங்கள் மென்காற்று ஒலிக்கும் பல துளைகளை உடையவை. வெப்பத்தை எதிர்கொள்ளவே மனை கட்டப்பட்டது. ஆகவே இரண்டு திங்கள் குளிருக்கு அதன் ஒரு பகுதியை மூடிவிட்டு இன்னொரு பகுதிக்குள் ஒடுங்குவதே போதுமான விடையாயிற்று.

அந்த இன்னொரு பகுதிக்குச் சிலப்பதிகாரம் பெயரும் தருகிறது: கூதிர்ப் பள்ளி. அந்திமாலைச் சிறப்புச்செய் காதையில் கணவரைப் பிரிந்த மகளிர் வேனிற் பள்ளியை நாடாது, கூதிர்ப் பள்ளியின் குறுங்கண்ணை, அதாவது சிறு சாளரத்தை, அடைத்துக்கொள்கின்றனர். அதே காப்பியத்தின் ஊர்காண் காதையும் கூதிர்க்காலத்தைக் குறுங்கண் அடைக்கும் காலமாகவே அடையாளப்படுத்துகிறது. முதற்குறிப்பு கூடுதல் கவனத்துக்குரியது. அங்கு நிலவுவது குளிர்காலம் அன்று. துயரால் அம்மகளிர் பருவம் தவறிய அறைக்குள் புகுகின்றனர். பருவத்துக்கு ஓர் அறை என்பது கேட்போருக்கு அன்றாட வழக்கமாகத் தெரிந்திருந்தால்தான் இப்பிறழ்வு துயரமாகப் பொருள்படும். நேரடி வருணனையைக் காட்டிலும் இத்தகைய மறைமுகக் குறிப்பே வரலாற்றுச் சான்றாக வலுவுடையது. வருணனை மரபுவழி வந்ததாகவும் இருக்கக்கூடும். எதிர்பார்ப்பை மீறிப் பொருள் உண்டாக்குவதற்கோ உண்மையான எதிர்பார்ப்பு ஒன்று முன்னரே இருந்தாக வேண்டும்.

அதே காதையில், கணவரோடு கூடிய மகளிர் மேற்றிசை வெள்ளயிரையும் கீழ்த்திசைக் காரகிலையும் துறந்து, வடமலை வட்டக்கல்லில் தென்மலைச் சந்தனம் அரைக்கச் செய்கின்றனர். நெடுநல்வாடையில் கைவிடப்பட்டது இங்கு எடுக்கப்படுகிறது. அங்கு எடுக்கப்பட்டது இங்கு கைவிடப்படுகிறது. ஒரே மனையின் இரு பருவப் பட்டியல்கள் எனலாம். நான்கு திசைப் பொருள்களும் வந்து சேரும் செல்வ மனை அது என்பதையும் இப்பட்டியல்களே உணர்த்துகின்றன.

ஆகவே கூதிர்ப் பள்ளியைப் பண்டைத் தமிழர் அனைவரின் வழக்கமாகப் பொதுமைப்படுத்துவது பிழையாகும். பூட்டுவதற்கு மேனிலை உடையவரே கீழே ஒடுங்க முடியும். நெடுநல்வாடையின் தொடக்கத்திலேயே, வெள்ளத்துக்கு அஞ்சி மந்தையை வேற்றுநிலத்துக்கு ஓட்டிச்சென்ற கோவலர் பலராய்க் கூடிக் கொள்ளிகளைக் கையில் ஏந்திக் கன்னம் நடுங்க நிற்கின்றனர். அவர்கள் கையிலும் நெருப்பு உண்டு. அதைச் சூழச் சுவர் இல்லை. பெரும்பாணாற்றுப்படை காட்டும் எயினர் குடிசை ஈந்தின் இலை வேய்ந்தது; முள்ளம்பன்றியின் முதுகை ஒத்தது. அத்தகைய குடிசைகளில் மழையைத் தடுக்கும் கூரையே முதற்கவலையாக இருந்திருக்கும். நகரக் கட்டடங்களிலும் அக்கவலையின் தடயம் மண்ணுக்கடியில் எஞ்சியுள்ளது. கீழடியில் கிடைத்த கூரை ஓடுகளில் மழைநீர் வழிந்தோட விரலால் இழுத்த பள்ளங்களும், மரச்சட்டத்தோடு பிணைப்பதற்கான துளைகளும் காணப்படுகின்றன. தடவு நெருப்பையும் அகிற்புகையையும் பாடல் காத்தது. ஈரக் களிமண்ணில் ஓடிய விரலின் தடத்தை அகழாய்வே காட்டியது.

பாடலின் இறுதியில் காட்சி அரண்மனையை விட்டுப் பாசறைக்கு மாறுகிறது. நூலிட்டுத் திசை குறித்து எழுப்பிய கோயிலில், சுதை தீற்றிய சுவர்களுக்கு நடுவே, யவனர் செய்த பாவை ஏந்திய விளக்கு எரிய, அரசி உறக்கமின்றி இருக்கிறாள். பாசறையிலோ வாடை வீசுந்தோறும் விளக்குகளின் சுடர் தெற்கே சாய்கிறது. தாழிடக் கதவில்லாத அவ்விடத்தில், நள்ளிரவுத் தூறலில், புண்பட்ட வீரரைப் பார்த்தவாறு அரசன் நடந்துகொண்டிருக்கிறான்.