நெறி கட்டிய கால்

மலைமேல் எங்கள் பெரக்கரை நாட்டில் செருப்பில்லாமல் சாமைக்காட்டுக்குப் போய்வந்த காலம். முள் குத்தி நொண்டிக்கொண்டு வந்தால் எங்கள் ஆயா முதலில் பாதத்தைப் பார்க்க மாட்டாள். கவட்டியில் விரல் வைத்து அழுத்துவாள். பாக்களவு உருண்டை தட்டுப்பட்டால், “நெறி கட்டியிருக்குது சாமி, முள்ளு உள்ளதான் இருக்கு” என்பாள். அப்புறந்தான் ஊக்கு, உப்பு ஒத்தடம், மஞ்சளும் சுண்ணாம்பும். கையில் காயமென்றால் கக்கத்தைத் தடவுவாள். பேன் கடியைச் சொறிந்து தலை புண்ணான பிள்ளைக்குப் பிடரியை. காலில் சிவப்பாக ஒரு கோடு மேலேறினால் மட்டும் கைவைத்தியத்தை விட்டுவிட்டு, உடனே மலையிறங்கி ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுவாள்.

எந்தப் புண்ணுக்கு எங்கே நெறி கட்டும் என்று தலைமுறை தலைமுறையாக விரலால் படித்து வைத்திருந்தார்கள். செவிலியர் படிப்பில் சேர்ந்து, சுவர்ப்படத்தில் பச்சைக் கோடுகளாக ஓடிய நிணநீர் நாளங்களைப் பார்த்த அன்றுதான் எனக்கு அது உறைத்தது. இரத்தக் குழாய்களிலிருந்து கசிந்து தசையிடுக்கில் மிஞ்சும் நீர், நாளுக்கு 2, 3 லிட்டர், இந்த நாளங்கள் வழியே திரும்புகிறது. இதற்கென்று தனி இதயம் கிடையாது. நாளச் சுவர் தானே சுருங்கும், நடக்கும்போது தசை பிழியும், ஏறிய நீரை இறங்கவிடாமல் வால்வுகள் தடுக்கும். காலிலிருந்து வருவது கவட்டியிலுள்ள நிணநீர்க் கணுக்களில் வடிகட்டப்படுகிறது. கிருமியை வெள்ளணுக்கள் அங்கே மறிக்கும்போது கணு வீங்குகிறது. ஆயாவின் விரலுக்குத் தட்டுப்பட்டது அதுதான். 1896இல் பம்பாயில் பிளேக் பரவத் தொடங்கியபின், ரயில் பயணிகளின் கக்கத்தையும் கவட்டியையும் மருத்துவர்கள் தடவிப் பார்த்ததும் இந்த வீக்கத்தைத் தேடித்தான்.

நாளங்களைக் கண்ணால் காண்பது எளிதாக இருக்கவில்லை. உள்ளே ஓடுவது நிறமற்ற நீர். இத்தாலியில் 1622இல் காஸ்பாரே அசெல்லி, வயிறு நிறையத் தின்றிருந்த ஒரு நாயை அறுத்தார். குடலை ஒட்டி வெள்ளை இழைகள் தெரிந்தன. நரம்பென்று நினைத்து ஒன்றை வெட்டினார், பால்போலப் பீறிட்டது. குடல் உறிஞ்சிய கொழுப்பு அது. நிணம் என்றால் கொழுப்பு. தமிழில் இதற்கு நிணநீர் என்று பெயர் வைத்தவரை நினைத்து நான் பலமுறை மகிழ்ந்திருக்கிறேன். அந்த நீர் ஈரலுக்குப் போவதாக அசெல்லி நம்பினார். கழுத்தடிச் சிரையில் போய் விழுகிறது என்று 1651இல் பிரான்சின் பெக்கே காட்டினார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் பார்தோலின், ருட்பெக் என்ற இரு ஆய்வாளர்கள் உடலெங்கும் இந்த நாளங்கள் இருப்பதை எழுதினார்கள்.

கருவில் இவை எங்கிருந்து முளைக்கின்றன? 1902இல் அமெரிக்காவில் புளோரன்ஸ் சாபின் பன்றிக் கருக்களில் மை செலுத்திப் பார்த்து, சிரைகளிலிருந்தே துளிர்ப்பதாகச் சொன்னார். ஹண்டிங்டன், மெக்ளூர் என்ற ஆய்வாளர்கள் மறுத்தார்கள். சுற்றியுள்ள திசுவில் தனியே தோன்றிப் பின்னர் சிரையோடு சேர்கின்றன என்றார்கள். அந்த வழக்கு ஒரு நூற்றாண்டு நடந்தது. பிராக்ஸ்1 என்ற மரபணு இல்லாத எலிக்கருவில் நிணநாளமே உண்டாகவில்லை என்று 1999இல் தெரிந்தது. சிரைச் சுவரில் அந்த மரபணு விழித்த செல்கள்தான் பிரிந்து வருகின்றன. சாபின் பெரும்பாலும் சரி. இதயம், தோல் போன்ற இடங்களில் வேறு ஊற்றுகளும் உண்டென்று பிறகு கண்டார்கள். மனிதக் கருவில் ஆறாவது வாரத்தையொட்டி, கழுத்துச் சிரைகளின் அருகே முதல் பைகள் தோன்றுகின்றன. உடலின் பெரும்பகுதி நிணநீர் கடைசியில் வந்து சேர்வதும் அந்தக் கழுத்தடிக்கே.

விடுமுறைக்கு மலையேறியபோது இதை ஆயாவிடம் சொன்னேன். கவட்டியில் தொடங்கி வயிறு, மார்பு என்று அவள் உடம்பின்மேலேயே விரலால் கோடிழுத்து, இடது காறையெலும்புக்கு மேலே நிறுத்தினேன். அந்த இடத்தைத் தானே அழுத்திப் பார்த்தாள்.

“இங்கயும் நெறி கட்டுமா?”

“கட்டும் ஆயா. இங்க கட்டினா முள்ளைத் தேடக் கூடாது. வயித்துக்குள்ள புத்து இருக்குதான்னு பாக்கணும்.”

அதன்பின் யாராவது பசியில்லை, உடம்பு இளைக்கிறது என்று வந்தால், ஆயாவின் விரல் அங்கேயும் போயிற்று.