கெர்மிட் நெறிமுறை

கெர்மிட் என்பது, வெவ்வேறு இயக்குதளம் கொண்ட கணினிகள் கம்பி வழியாகவோ தொலைபேசி வழியாகவோ கோப்புகளைப் பரிமாறிக்கொள்ள உருவாக்கப்பட்ட நெறிமுறை ஆகும். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1981ஆம் ஆண்டு பிராங்க் டா குரூஸ், பில் கேட்சிங்ஸ் ஆகியோர் இதை வடிவமைத்தனர். மப்பெட் பொம்மலாட்ட நிகழ்ச்சியில் வரும் தவளையின் பெயரே இதற்கு இடப்பட்டது.

தேவை

பல்கலைக்கழகத்தின் டெக்-20 பெருங்கணினியில் மாணவர்களுக்குக் கிடைத்த சேமிப்பிடம் மிகக் குறைவு. கோப்புகளை நெகிழ்வட்டில் பாதுகாக்க வேண்டுமானால், சி.பி/எம் இயக்குதளத்தில் இயங்கிய சிறுகணினிக்கு அவற்றை முதலில் அனுப்பியாக வேண்டும்.

சிக்கல்கள்

கம்பியைச் செருகினால் மட்டும் போதாது. இரு சிறுகணினிகளை ஆர்.எஸ்-232 வடத்தால் நேரடியாக இணைக்கும்போது, அனுப்பும் கம்பியையும் பெறும் கம்பியையும் மாற்றிக் கட்ட வேண்டும். இல்லையெனில் இரண்டும் ஒரே கம்பியில் அனுப்பும். எதுவும் போய்ச் சேராது. வேகம் இருபுறமும் பொருந்தாவிட்டால் திரையில் குப்பை எழுத்துகள் தோன்றும்.

இவை சரியான பின்பும் கோப்பு கெடலாம். 19 என்னும் மதிப்புள்ள பைட்டைப் பல கணினிகள் 'அனுப்புவதை நிறுத்து' என்னும் கட்டளையாக எடுத்துக்கொண்டன. கோப்பின் நடுவே அது வந்தால் பரிமாற்றம் உறைந்துபோகும். சில இணைப்புகளில் எட்டாவது பிட், பிழை காட்டும் பாரிட்டி பிட்டாகப் பயன்பட்டதால் கோப்பின் எட்டாவது பிட் தொலைந்துவிடும்.

தீர்வு

எல்லாக் கணினிகளும் மாற்றாமல் கடத்தக்கூடியவை அச்சிடத்தக்க எழுத்துகளே. எனவே கெர்மிட் தகவல் முழுவதையும் அவ்வெழுத்துகளாக மாற்றியது. 19 என்னும் பைட் '#' குறியும் அதையடுத்து ஆங்கில எஸ் எழுத்துமாகச் செல்லும்; மறுமுனையில் பழைய வடிவம் பெறும். கோப்பு சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொன்றிலும் வரிசை எண்ணும் சரிபார்ப்புத் தொகையும் இருந்தன. தொகை பொருந்தாத பொட்டலம் மட்டும் மீண்டும் கேட்டுப் பெறப்பட்டது.

உரைக்கோப்பின் வரி முடிவைக் குறிக்கச் சி.பி/எம் இரு குறிகளையும் யூனிக்ஸ் ஒரே குறியையும் பயன்படுத்தின. உரைமுறையில் கெர்மிட் இதையும் மாற்றித் தந்தது. ஆனால் நிரல்கோப்பைத் தவறுதலாக உரைமுறையில் அனுப்பினால் அது பயனற்றுப் போகும்.

பிற்காலம்

ஒவ்வொரு பொட்டலத்துக்கும் பதில் வரும்வரை காத்திருந்ததால் தொடக்ககால கெர்மிட் மெதுவானது. இக்குறை பின்னர் களையப்பட்டது. 2011ஆம் ஆண்டு கொலம்பியா பல்கலைக்கழகம் இத்திட்டத்தை முடித்துக்கொண்டது. சி-கெர்மிட் திறந்த மூல மென்பொருளாக வெளியிடப்பட்டது. மின்னஞ்சல் இணைப்புகளை அச்சிடத்தக்க எழுத்துகளாக மாற்றி அனுப்பும் முறையும் இதே எண்ணத்தை அடிப்படையாகக் கொண்டது.