ஒன்னும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன்

அப்பாவுக்குச் சுகர் இறங்கும்போது முதலில் வருவது வியர்வையோ நடுக்கமோ இல்லை, பிடிவாதம். போன வருடம் ஸ்கூட்டரை வாசலில் ஏற்றும்போது கேட்டுத் தூணில் இடித்துவிட்டு, "ஒன்னும் இல்லம்மா, நல்லாத்தான் இருக்கேன்" என்றார். சொன்ன கையோடு மறுபடி வண்டியைக் கிளப்பப் பார்த்தார். சாவியைப் பிடுங்க நானும் அம்மாவும் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் குடித்து கால் மணி நேரம் ஆனபிறகு, தூணில் இடித்ததே அவருக்கு ஞாபகம் இல்லை.

வண்டி ஓட்டும்போதே உடம்பு கைவிட்டால் பழி யாருடையது என்று அதன் பிறகுதான் தேட ஆரம்பித்தேன். தேடல் என்னைக் கொண்டுபோய்விட்டது பிரிட்டிஷ் நீதிமன்றங்களில்.

அங்கே ஆரம்பம் எளிதாகத்தான் இருந்தது. 1964-இல் பிரபுக்கள் சபைவரை போன ஒரு ஸ்காட்லாந்து வழக்கு. லாரி டிரைவர் ஒருவருக்கு உடம்பு சரியில்லை. வழக்கமாக வரும் வயிற்றுக்கோளாறு என்று நினைத்து, சற்று தேறியதும் கிளம்பினார். கொஞ்ச தூரத்திலேயே மாரடைப்பில் உயிர் போய்விட்டது. லாரி நடைபாதையில் ஏறி ஒருவரைக் காயப்படுத்தியது. டிரைவர்மேல் அலட்சியம் இல்லை என்றது சபை. செத்துப்போன மனுஷனைப் பார்த்து ஏன் பிரேக் போடலைன்னு யார் கேட்க முடியும்?

சாகாமல், பாதி நினைவோடு ஓட்டிக்கொண்டே இருந்தால்?

ராபர்ட்ஸ் எதிர் ராம்ஸ்பாட்டம் வழக்கில் அதுதான் நடந்தது. 73 வயதுக்காரர். முன்பின் எந்த அறிகுறியும் கிடையாது. பக்கவாதம் தாக்கத் தொடங்கியது தெரியாமலே காரை எடுத்தார். வழியில் நின்றிருந்த ஒரு வேன்மேல் மோதினார். விசாரித்தவர்களிடம், நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு மேலே போனார். அடுத்து ஒரு சைக்கிள் பையன் தப்பினான். கடைசியில், நின்றுகொண்டிருந்த ஒரு கார்மேல் மோதி நின்றது. 1979-இல் நீதிபதி நீல் அவரை நஷ்டஈடு தரச் சொன்னார். தார்மீகமாக இவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை, ஆனால் தன்வசம் முற்றிலும் இழந்திருந்தால்தான் சட்டத்திலிருந்து தப்பலாம் என்றார்.

இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. எதை வைத்து அவர் தன்னை எடைபோட வேண்டுமோ, அந்த மூளைதானே பழுதாகிக்கொண்டிருந்தது!

பதினெட்டு வருடம் கழித்து மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஏறக்குறைய அப்படித்தான் யோசித்தது. மான்ஸ்ஃபீல்டு எதிர் வீட்டாபிக்ஸ் வழக்கு, 1997. வீட்டாபிக்ஸ் என்பது காலை உணவுக் கம்பெனி. அதன் 38 டன் லாரி ஸ்டாஃபோர்ட்ஷையரில் அப்பர் டீன் என்ற கிராமத்து வளைவில் திரும்பாமல் நேராக ஒரு கடைக்குள் புகுந்தது. டிரைவரின் கணையத்தில் இன்சுலினை இஷ்டத்துக்குச் சுரக்கும் ஒரு கட்டி. ரத்தத்தில் சர்க்கரை குறைந்து மூளை மெல்ல மெல்ல மங்கியிருக்கிறது. கட்டி இருப்பது அவருக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது. தெரியாத நோயை ஒருவர்மேல் சுமத்தினால் அது அலட்சியத்துக்கான பொறுப்பாக இருக்காது, தப்பே செய்யாதவர்மேல் போடும் பொறுப்பாகிவிடும் என்றார் நீதிபதி லெகாட். கம்பெனி தர வேண்டியதில்லை. அந்த 73 வயதுக்காரர் வழக்கின் முடிவு மட்டும் சரி, சொன்ன காரணம் தவறு என்றும் தீர்ப்பானது. முதல் மோதலுக்குப் பிறகாவது அவர் நிறுத்தியிருக்க வேண்டுமாம்.

அப்பா பக்கம் ஜெயித்துவிட்டது என்று கொஞ்ச நேரம் நிம்மதியாக இருந்தேன். பிறகுதான் கடை ஞாபகம் வந்தது. அவர்களும்தானே எந்தத் தப்பும் செய்யவில்லை?

நம் நாட்டில் இந்தக் கணக்கை 1982-இல் கொஞ்சம் மாற்றினார்கள். தப்பு யாருடையது என்று நிரூபிக்காமலே உயிரிழப்புக்கு 15,000 ரூபாய், நிரந்தர ஊனத்துக்கு 7,500. 2019 திருத்தத்தில் அது உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம். ஆனால் இடிந்த கடைக்கு இந்த ஏற்பாட்டில் இங்கேயும் ஒன்றும் கிடையாது.

தெரியாததற்கு மன்னிப்பு சரி, மறைத்ததற்கு? 2014 டிசம்பர் 22, கிளாஸ்கோ. குப்பை லாரி டிரைவர் மயங்கிவிட, கிறிஸ்துமஸ் கூட்டத்துக்குள் லாரி பாய்ந்து ஆறு பேர் செத்தார்கள். 2010-இல் அவர் ஒரு பஸ்ஸில் ஏற்கெனவே மயங்கியிருந்தார், அதை மறைத்தே வேலையில் சேர்ந்தார் என்று விசாரணையில் வெளிவந்தது. அவர்மேல் குற்ற வழக்கு நடக்கவில்லை. உண்மையைச் சொன்னால் லைசென்ஸ் போகும், லைசென்ஸ் போனால் சோறு போகும். அவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆனால் அந்தப் பயம் எனக்கு நன்றாகவே புரிகிறது, எங்கள் வீட்டிலும் அது இருக்கிறது.

இதையெல்லாம் ஒருநாள் சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். லாரிக் கதையை மட்டும் கவனமாகக் கேட்டார்.

"அந்த டிரைவருக்குத் தெரியாது. சரி. எனக்குத்தான் தெரியுமே?"

"ஆமாப்பா."

கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து, ஃபிரிட்ஜ் மேல் இருந்த சுகர் மெஷினை எடுத்து ஸ்கூட்டர் டிக்கியில் வைத்தார்.