கேண்டர்: காத்திருக்கும் ஓடுதளம்

கனடாவின் கிழக்குக் கோடியில், நியூஃபவுண்ட்லாந்து தீவில் இருக்கிறது கேண்டர் விமான நிலையம். 2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்க வான்வெளி மூடப்பட்டபோது 38 பயணிகள் விமானங்கள் அங்கே திருப்பிவிடப்பட்டன. அவற்றில் வந்த ஏறத்தாழ 6,600 பேரைச் சுமார் பத்தாயிரம் பேர் வாழ்ந்த அந்த ஊரும் அக்கம்பக்கத்துச் சிற்றூர்களும் சில நாட்கள் தங்கவைத்து உணவளித்தன. கேண்டரின் பெயரை உலகம் அந்த விருந்தோம்பலுக்காகவே நினைவில் வைத்திருக்கிறது. அது முற்றிலும் நியாயம். ஆனால் விருந்தினர் வந்து இறங்க இடம் இருந்ததால்தான் விருந்தோம்ப முடிந்தது. காலம் கடந்துவிட்டதாகக் கருதப்பட்ட பழைய ஓடுதளங்களே அந்த இடத்தைத் தந்தன. ஒரு விமான நிலையத்தின் மதிப்பை அதன் அன்றாட விமானப் போக்குவரத்தை மட்டும் வைத்துக் கணக்கிடக் கூடாது என்பதற்கு கேண்டரின் வரலாறே சான்று.

இந்த நிலையத்தின் கட்டுமானம் 1936-இல் தொடங்கியது. 1938 ஜனவரியில் முதல் விமானம் இறங்கியது. நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கான மிகக் குறுகிய வான்வழி இத்தீவை ஒட்டிச் செல்கிறது. அன்றைய பெரும்பாலான பயணிகள் விமானங்களால் இடையில் எரிபொருள் நிரப்பாமல் அட்லாண்டிக்கைத் தாண்ட முடியவில்லை. 1940 நவம்பரில் 7 ஹட்சன் குண்டுவீச்சு விமானங்கள் இங்கிருந்து கிளம்பி பிரிட்டன் போய்ச் சேர்ந்தன. இரண்டாம் உலகப்போர் முடிவதற்குள் ஆயிரக்கணக்கான விமானங்கள் அதே வழியில் சென்றன. போருக்குப் பிறகு பயணிகள் விமானங்கள் குவிந்தன. 1958-இல் அட்லாண்டிக்கில் ஜெட் சேவை தொடங்கியபோது, பான் ஆம் நிறுவனத்தின் முதல் போயிங் 707 கூடப் பாரிஸ் செல்லும் வழியில் கேண்டரில் எரிபொருள் நிரப்பிக்கொண்டது. மறு ஆண்டு புதிய முனையத்தை எலிசபெத் ராணி திறந்துவைத்தார். ஆனால் அடுத்து வந்த ஜெட்கள் நிற்காமலே கடலைக் கடந்தன. பனிப்போர்க் காலத்தில் கியூபாவுக்குச் சென்ற சோவியத் அணி நாடுகளின் விமானங்கள் எரிபொருளுக்காக நின்றதுதான் பெரிய வருகையாக மிஞ்சியது.

நெடுந்தூரம் பறக்கும், எளிதில் பழுதாகாத எஞ்சின்கள் வந்தபின் இப்படிப்பட்ட நிலையம் எதற்கு என்று கேட்கலாம். அந்த எஞ்சின்களை நம்பி வகுத்த விதிகளே விடை சொல்கின்றன. 1985 முதல் இரட்டை எஞ்சின் விமானங்களுக்கு அட்லாண்டிக் வழி திறந்தது. ஆனால் ஒரு எஞ்சின் நின்றால் மற்றதைக் கொண்டு 120 நிமிடத்துக்குள் எட்டக்கூடிய மாற்று நிலையம் வழி நெடுக இருக்க வேண்டும் என்பது அப்போதைய நிபந்தனை. இந்தக் கவலை ஏட்டளவில் நின்றதும் அல்ல. 2001 ஆகஸ்டில் ஏர் டிரான்சாட் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ330 எரிபொருள் கசிந்து, இரு எஞ்சின்களும் அணைந்த நிலையில், அசோர்ஸ் தீவுகளின் லாஜெஸ் நிலையத்துக்கு மிதந்து வந்து இறங்கியது. 306 பேர் உயிர் தப்பினர். லாஜெஸும் கேண்டரைப் போலவே இரண்டாம் உலகப்போரில் வளர்ந்த தளம்.

செலவு பற்றிய ஆட்சேபம் இன்னும் வலுவானது: எப்போதோ வரும் விமானத்துக்காக நீண்ட ஓடுதளத்தையும், பனி அகற்றும் வண்டிகளையும், தீயணைப்புப் படையையும் ஆண்டு முழுதும் எதற்குப் பராமரிப்பது? ஏரிக் கலிங்கு பல ஆண்டுகள் வறண்டு கிடக்கிறது என்பதற்காக யாரும் அதை அடைத்துவிடுவதில்லை. வெள்ளம் வரும்போது கரை உடையாமல் நிற்பது அந்தக் கலிங்கால்தான். தரையிறங்காமல் தலைக்கு மேலே பறந்துபோகும் ஒவ்வொரு விமானமும் கீழே ஓர் ஓடுதளம் இருக்கிறது என்ற உறுதியில்தான் பறக்கிறது. ஆகவே அந்த ஓடுதளத்தின் பராமரிப்புச் செலவை அது இருக்கும் ஊரின் தலையில் மட்டும் சுமத்துவது முறையாகாது. அந்த வழியால் பயன்பெறும் எல்லா நாடுகளும் நிறுவனங்களும் அதைப் பகிர்ந்துகொள்ள வேண்டும்.